செனட்டைத் தெரிந்த பிள்ளைக்குப் பிரதேச சபையும் தெரிய வேண்டும்

ஊவாவின் தோட்டப்புறப் பிள்ளை உயர்தரப் பரீட்சைக்கு அமெரிக்காவின் ஆட்சி முறையைப் படிக்கிறது. செனட்டில் 100 பேர், பிரதிநிதிகள் சபையில் 435 பேர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும். தன் லயத்துக்குப் போகும் பாதையைத் திருத்த வேண்டியவர் யார் என்று கேட்டால் தயங்கி நிற்கும். குற்றம் பிள்ளையுடையதல்ல. அரசைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம், அரசோடு பேசக் கற்றுக்கொடுப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் எங்கள் மலைகளைச் சரித்துவிட்டுப் போன பிறகு, இந்தக் குறை உயிரோடும் உடைமையோடும் சம்பந்தப்பட்டதாகிவிட்டது.

ஒரு கடிதம் நடந்த நடை

பதுளையில் அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்குப் புயலுக்குப் பிந்திய ஒரு மாலை வகுப்பு மறக்கவில்லை. அன்றைய பாடம் அமெரிக்கக் காங்கிரஸ். பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி எழுந்தார். ஒரு சட்டமூலம் இரண்டு சபைகளிலும் நிறைவேறி ஜனாதிபதியிடம் போவதையும், அவர் கையெழுத்திட மறுத்தால் இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அதைச் சட்டமாக்கலாம் என்பதையும் பிசகில்லாமல் சொன்னார்.

வகுப்பு கலைந்ததும் கொப்பிக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். "சேர், இத கொஞ்சம் பாத்து திருத்தித் தர்றீங்களா? அப்பா கேக்கச் சொன்னாரு."

அது ஒரு விண்ணப்பக் கடிதம். மண் சரிந்து லயத்துக்குப் போகும் பாதையின் மதகு உடைந்துவிட்டது. முச்சக்கர வண்டி மேலே ஏற முடியவில்லை. காய்ச்சல்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் சுமந்துதான் இறக்க வேண்டும். இதுதான் செய்தி.

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் அப்பா பென்சிலால் எழுதிவைத்திருந்தார். மூன்று கந்தோர்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரே பஸ் காசு. அடியில் ஒரு வரி: "பேர் 3 இல்லை." தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. மூன்று கந்தோர் ஏறி இறங்கியதில் அவருடைய மூன்று நாள் சம்பளம் போய்விட்டது.

முதல் இடத்தில் "இது எங்கள் வேலை இல்லை, சபையில் கொடுங்கள்" என்றார்களாம். சபையில் "இது தோட்டத்துப் பாதை, துரையிடம் கேளுங்கள்" என்றார்களாம். தோட்டக் கந்தோரில் "அரசாங்கத்திடம் கேளுங்கள்" என்றார்களாம். காங்கிரஸிலிருந்து வெள்ளை மாளிகைக்குப் போகும் பாதையை மகள் அறிவார். தன் அப்பாவின் கடிதம் போக வேண்டிய பாதையை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவருடைய ஆசிரியனான நானும் சொல்லித்தரவில்லை.

பாடத்தைக் கேள்வியாக மாற்றுவோம்

அமெரிக்காவைப் படிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நன்றாகப் படிக்க வேண்டும். எண்களை ஒப்புவிப்பதோடு நின்றுவிடாமல், எந்த அரசைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும்.

ஒன்று: இதை முடிவு செய்பவர் யார்? இரண்டு: இதற்கான பணம் யார் கையில் இருக்கிறது? மூன்று: பிழை நடந்தால் யாரிடம் முறையிடலாம்?

அமெரிக்க அரசியலமைப்பு 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டது. எழுதியவர்களின் பெரிய பயம், எல்லா அதிகாரமும் ஒரு கையில் சேர்ந்துவிடக் கூடாது என்பது. ஆகவே சட்டம் ஆக்கும் வேலையைக் காங்கிரஸுக்கும், நடத்தும் வேலையை ஜனாதிபதிக்கும், சட்டம் என்ன சொல்கிறது என்று தீர்க்கும் வேலையை நீதிமன்றத்துக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் எல்லை மீறினால் மற்றவர் மறிக்கலாம்.

வாக்கையும் பல வேளைகளுக்குப் பிரித்தார்கள். பிரதிநிதிகள் சபைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். செனட்டருக்கு ஆறு ஆண்டு. ஜனாதிபதிக்கு நான்கு ஆண்டு, பின்னர் வந்த ஒரு திருத்தத்தின்படி இரண்டு முறைக்கு மேல் அந்தப் பதவிக்குத் தெரிவாக முடியாது. ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதில் மக்களின் மொத்த வாக்கு நேராக எண்ணப்படுவதில்லை. மாநிலங்களின் சார்பில் 538 தேர்தல் வாக்குகள் உண்டு, அவற்றில் 270 பெற வேண்டும். அதனால்தான் 2016இல் நாடு முழுவதும் கூடுதலான மக்கள் வாக்குகளைப் பெற்ற ஹிலாரி கிளின்டன் தோற்றார், டொனால்ட் ட்ரம்ப் ஜனாதிபதியானார்.

இதெல்லாம் எங்கோ தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்கள் மீது 44 வீதத் தீர்வை என்று அமெரிக்க ஜனாதிபதி அறிவித்தார். பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு ஓகஸ்டில் அது 20 வீதமானது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்படியில் அதே பேச்சு. கட்டுநாயக்கவிலும் பியகமவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்து வீட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள் எங்கள் அக்காமார்தான்.

வரி விதிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பு காங்கிரஸிடம் கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க ஜனாதிபதி எப்படித் தீர்வை விதித்தார்? காங்கிரஸ் முன்னர் ஆக்கிய அவசரகாலச் சட்டமொன்றைக் காட்டினார். அந்தச் சட்டம் அவருக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறதா என்ற வழக்கு அந்த நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றது. முடிவு செய்பவர் யார், மறிப்பவர் யார் என்ற கேள்வி, பண்டாரவளையில் ஒரு தாயின் கைக்கு வரும் காசில் வந்து நிற்கிறது. அதிகாரப் பிரிவினை என்ற தலைப்பை இப்படிப் படித்த பிள்ளைக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது.

ஒரே மாதிரியான இரண்டு பெயர்கள்

இதே கேள்விகளோடு எங்கள் மலைக்கு வருவோம். முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு. பெயர்கள் ஒன்று போலிருப்பதால் படித்தவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள்.

பிரதேச செயலகம் கொழும்பு அரசாங்கத்தின் கை. அங்கு இருப்பவர்கள் நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர்கள். கிராம உத்தியோகத்தர் அதன் கீழ் வருகிறார். அனர்த்த நிவாரணம், வாக்காளர் பதிவு, அடையாள அட்டைக்கான சான்று, அரச காணி போன்ற விஷயங்களுக்கு அந்த வாசலுக்குத்தான் போக வேண்டும்.

பிரதேச சபை நாங்கள் வாக்களித்து அமைப்பது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்ததும் அதற்குத்தான். சிறு பாதை, வடிகால், குப்பை, சந்தை, நூலகம், மயானம் ஆகியவை அதன் பொறுப்பு. அதன் தலைவரைத் தவிசாளர் என்கிறோம். உங்கள் வட்டாரத்துக்கென்று ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவரை மாற்றும் உரிமை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் கையில் வருகிறது.

இங்கே தோட்ட மக்களுக்கென்று ஒரு தனித் துயரம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டங்களுக்குள் சபை தன் நிதியைச் செலவழிப்பதற்குத் தடை இருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள், உறுப்பினர்களையும் அனுப்பினார்கள். ஆனாலும் அந்தச் சபையின் வேலை தோட்ட எல்லைக் கல்லோடு நின்றது. 2018இல்தான் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, தோட்டத்துக்குள்ளும் சபை வேலை செய்ய வழி திறந்தது.

சட்டம் மாறிவிட்டது. "தோட்டத்துப் பாதை என்றால் சபைக்கு வேலையில்லை" என்ற பழைய பதில் மாறவில்லை. அந்தப் பதிலைக் கேட்கும்போது, "2018 திருத்தத்துக்குப் பிறகும் அப்படித்தானா? எழுத்தில் தாருங்கள்" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு லயத்திலும் வேண்டும். அந்த ஒருவர் உயர்தரம் படிக்கும் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது?

கடைசித் தேர்தல் ஊவாவில்தான்

அடுத்த படி மாகாண சபை. இலங்கையில் கடைசியாக மாகாண சபைத் தேர்தல் நடந்தது ஊவாவில்தான், 2014 செப்டெம்பர் 20ஆம் திகதி. 34 உறுப்பினர்கள் கொண்ட அந்தச் சபையின் காலம் 2019 ஒக்டோபரோடு முடிந்தது. பிறகு சபையும் இல்லை, முதலமைச்சரும் இல்லை.

அந்தத் தேர்தலின்போது தொட்டிலில் கிடந்த பிள்ளை இன்று தொடக்கப் பள்ளியைத் தாண்டிவிட்டது. மாகாண சபையின் கடமைகளை எழுதச் சொல்லிப் பரீட்சையில் கேட்கிறோம். ஒரு மாகாண சபைத் தேர்தலைக்கூட அந்தப் பிள்ளை கண்டதில்லை.

தேர்தல் ஏன் நிற்கிறது? 2017இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் திருத்தப்பட்டது. புதிய முறைக்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறையும் போனது, புதிய முறையும் வரவில்லை. எல்லாக் கட்சிகளும் சேர்ந்து போட்ட முடிச்சு அது.

இதனால் எங்களுக்கு என்ன நட்டம்? 13ஆவது திருத்தத்தின்படி கல்வி, சுகாதாரம், உள்ளூராட்சி, விவசாயம் போன்றவற்றில் மாகாணத்துக்குப் பொறுப்பு உண்டு. தோட்டப்புறப் பாடசாலைகள் அநேகமாக மாகாணத்தின் கீழ் உள்ளவை. கணித ஆசிரியர் இல்லை, விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகள் முறையிட்டால், அதைச் சபையில் எழுப்பக் கூடிய மக்கள் பிரதிநிதி இன்று இல்லை. ஆளுநர் ஒருவரே மாகாணத்தை நடத்துகிறார்.

அமெரிக்கப் பாடம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. அங்கே 50 மாநிலங்களிலும் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். இங்கே ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். சொல் ஒன்றுதான், பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு. அங்கு ஆளுநர் தன் மாநில மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இங்கு தன்னை நியமித்தவருக்கே பதில் சொல்கிறார். இந்த ஒரு வேறுபாடு பிள்ளைக்கு விளங்கினால், மாகாண சபைத் தேர்தல் ஏன் வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

சம்பளத் துண்டும் ஒரு பாடப் புத்தகம்

பிள்ளையின் அம்மா தோட்டத்திலிருந்து கொண்டுவரும் சம்பளத் துண்டை மேசையில் வைத்து ஒரு நாள் பாடம் நடத்திப் பார்த்தேன். அந்தச் சிறு தாளில் அரசின் எல்லாக் கிளைகளும் இருக்கின்றன.

2024 மே மாதம், நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை வந்தது. பிறகு சம்பள நிர்ணய சபை கூடி, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று புதிய வர்த்தமானி வெளியானது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், நாட்சம்பளத்தை 1,550 ரூபாயாக உயர்த்தி, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அரசாங்கத்தின் பங்காக 200 ரூபாய் சேர்ப்பதாக முன்மொழிந்தது.

பாருங்கள். அமைச்சர் ஒரு முடிவு எடுத்தார், அது நிறைவேற்றுத்துறை. கம்பெனி வழக்குப் போட்டது, தடை தந்தது நீதித்துறை. 200 ரூபாயைத் திறைசேரியிலிருந்து எடுக்கப் பாராளுமன்றம் வாக்களிக்க வேண்டும், அது சட்டத்துறை. இவற்றுக்கு நடுவே தொழிலாளி, முதலாளி, அரசாங்கம் ஆகிய மூன்று தரப்பும் உட்காரும் சம்பள நிர்ணய சபை.

கொழுந்துப் பையை இறக்கிவைத்துவிட்டு வந்த ஒரு தாய் கேட்டார்: "அப்போ 1,700 தர்றேன்னு சொன்னது பொய்யா தம்பி?" பொய் என்றோ மெய் என்றோ ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அறிவிப்பது ஒரு படி, வர்த்தமானி இன்னொரு படி, நீதிமன்றம் மற்றொரு படி, பெரட்டுக் களத்தில் பேர் போட்டுச் சம்பளம் கையில் விழுவது கடைசிப் படி. மேடையில் கேட்கும் தொகையை எந்தப் படியில் வைத்துப் பார்ப்பது என்று தெரிந்தவரை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது.

பிறந்த மண்ணில் அந்நியராக

1947 பொதுத் தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதில் ஒன்று பதுளை. எஸ். எம். சுப்பையா இங்கிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருப்பது போதாது, தந்தையும் இங்கு பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். லயக் காம்பராவில் மருத்துவிச்சி கையில் பிறந்தவர்களிடம் எந்தத் தாள் இருக்கும்?

1949இல் இன்னொரு சட்டம் ஒரு வாசலைத் திறந்தது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு இடைவிடாமல் இங்கு வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். அந்த வாசலால் உள்ளே வந்தவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்களாக்கி, அவர்களில் பெரும்பாலோரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி விட்ட சட்டம் 2003இல்தான் வந்தது.

அமெரிக்க வரலாற்றிலும் இதற்கு ஒரு சகோதரக் கதை உண்டு. அடிமை முறை ஒழிந்த பின் 1868இல் வந்த 14ஆவது திருத்தம், அந்த மண்ணில் பிறந்தவர் அந்நாட்டின் குடிமகன் என்று எழுதிவைத்தது. 1870இல் 15ஆவது திருத்தம், நிறத்தைக் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்றது. தாளில் உரிமை வந்துவிட்டது. ஆனால் தென் மாநிலங்களில் வாசிப்புப் பரீட்சை வைத்தார்கள், வாக்களிக்க வரி கேட்டார்கள். கறுப்பின மக்கள் வாக்குச்சாவடி வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு ஊர்வலமாக நடந்தவர்கள் அடி வாங்கினார்கள். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. தாளில் இருந்த உரிமை கைக்கு வர 95 ஆண்டு எடுத்தது.

இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் படிக்கும் பிள்ளை, வாக்கு என்பது தேர்தல் காலத்தில் கிடைக்கும் அரிசிப் பொதிக்கு ஈடு அல்ல என்று தானே தெரிந்துகொள்ளும். 2024 நவம்பர் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றார்கள். கட்சி எதுவாக இருந்தாலும், 1948இல் அடைத்த கதவு வழியே எங்கள் மக்கள் மறுபடி நடந்து போவதன் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

தெரியாததற்குக் கொடுத்த விலை

மாகாண சபைத் தேர்தல் முடிந்து 39ஆவது நாள், 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை இறங்கி வந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பியபோது லயம் இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது.

எச்சரிக்கை இருந்தது. அதைச் செயலாக்க வேண்டியவர் யார்? பிரதேச செயலகமா, தோட்ட நிருவாகமா, அமைச்சா? மாற்றுக் காணியைத் தர வேண்டியவர் யார்? தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசுடையது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்து, 1990களில் கம்பெனிகளுக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்தது. ஆகவே "காணி கம்பெனியுடையது" என்று ஒருவரும், "அரசாங்கம் தீர்மானிக்க வேண்டும்" என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டே இருக்க முடிகிறது. நடுவில் மக்கள் அதே சரிவில் படுத்தெழுகிறார்கள்.

டித்வாவுக்குப் பிறகும் இதே கேள்விகள் எங்கள் முன் நிற்கின்றன. எங்கள் லயம் எந்த அபாய வலயத்தில் இருக்கிறது? அறிக்கை யாரிடம் இருக்கிறது? எங்களுக்கு எங்கே காணி? இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்கத் தெரியாமல் போவதற்கு நாங்கள் ஒரு முறை விலை கொடுத்துவிட்டோம்.

என்ன செய்யலாம்?

குறை சொல்வதோடு நிற்க விரும்பவில்லை. பெரிய பணமில்லாமல் இந்த ஆண்டே தொடங்கக் கூடிய ஏழு வேலைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஓர் அதிகார வரைபடம். ஒரு பெரிய தாள், மூன்று நிரல்கள். பாதை, தண்ணீர், சம்பளம், காணி, ஆசிரியர், ஆஸ்பத்திரி என்று ஒவ்வொன்றுக்கும் நேரே முடிவு செய்பவர், பணம் தருபவர், முறையீடு கேட்பவர். கந்தோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு பிள்ளைகளே விசாரித்து எழுதட்டும். ஒரு பிரதியைப் பிள்ளைக் காம்பராச் சுவரிலும் இன்னொன்றைக் கோயில் மண்டபத்திலும் ஒட்டட்டும்.

இரண்டாவது, கடிதம் எழுதும் பாடம். தமிழ்ப் பாடத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பழக்குகிறோம். அதை உண்மையான கடிதமாக எழுதுவோம். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அங்கே தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை உண்டு. கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்வது, கொடுத்த திகதியைப் பதிவது, பெற்றதற்கு முத்திரை கேட்பது ஆகிய மூன்றும் பழக்கமாக வேண்டும்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒவ்வொரு பிரசைக்கும் இதைத் தருகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், தகவல் ஆணைக்குழு வரை போகலாம். எங்கள் லயம் பற்றிய மண்சரிவு அறிக்கையையும், எங்கள் வட்டாரத்துக்குச் சபை ஒதுக்கிய தொகையையும் இந்த வழியில் கேட்கலாம். உயர்தர வகுப்பு ஒவ்வொன்றும் பெற்றோருக்கு உதவியாக ஆண்டுக்கு ஒரு விண்ணப்பமாவது தயாரிக்கட்டும்.

நான்காவது, சபையை நேரில் பார்ப்பது. மாணவர் பாராளுமன்றம் பல பாடசாலைகளில் நடக்கிறது. நல்லது. அதற்கு முன் மாணவர் பிரதேச சபை ஒன்றை நடத்துவோம். ஒரு மதகு, ஒரு குழாய், கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்கு மட்டும் போதும். எதை முதலில் செய்வது என்று பிள்ளைகள் வாதாடட்டும். தவிசாளர்கள் தங்கள் உண்மையான அமர்வுக்கு மாணவரை அழைத்து உட்கார வைக்க வேண்டும். உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஆசனத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்கும் பெண் பிள்ளைக்கு, நாளை தான் அங்கு உட்காரலாம் என்ற நினைப்பு வரும்.

ஐந்தாவது, 18 வயதுப் பதிவு. குடியியல் சாதாரண தரத்தில் விருப்பப் பாடமாகிவிடுவதால், வாக்களிக்கும் வயதை அண்டும்போதே பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆகவே 12, 13ஆம் தர வகுப்பாசிரியர்கள் கிராம உத்தியோகத்தரைப் பாடசாலைக்கு அழைத்து, வாக்காளர் பதிவையும் அடையாள அட்டையையும் அந்த இடத்திலேயே கவனிக்கச் செய்யலாம்.

ஆறாவது, தொழிற்சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதாமாதம் சந்தா தரும் தொழிலாளியின் பிள்ளைக்கு அரசின் அடிப்படையைச் சொல்லித் தருவது சங்கத்தின் கடமை. தோட்டத் தலைவர்மார் எங்கள் மக்களுக்குச் செய்த வேலையை நான் மதிக்கிறேன். ஒரு சிறு விண்ணப்பத்துக்கும் தலைவர் வந்தால்தான் ஆகும் என்ற நிலை மாறினால், அவர்களுக்கும் பெரிய போராட்டங்களுக்கு நேரம் கிடைக்கும்.

ஏழாவது, மாகாண சபைத் தேர்தல். அதை நடத்தத் தேவையான சட்டத் திருத்தத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்ற வேண்டும். பதுளை மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்களிலும் இருக்கிறவர்களிடம், கட்சி பாராமல், இதை எழுத்தில் கேட்போம்.

அந்த மாணவியின் கடிதத்தை இருவரும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். தவிசாளருக்கு ஒன்று, வட்டார உறுப்பினருக்குப் பிரதி, தோட்ட முகாமையாளருக்குப் பிரதி. 2018 திருத்தத்தைக் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்தோம். மூன்றாவது பந்தியை அவரே எழுதினார். மதகின் நீளம், லயங்களின் எண்ணிக்கை, பாடசாலைக்கு அந்த வழியால் நடக்கும் பிள்ளைகளின் தொகை. எல்லாவற்றையும் போய் எண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

சபைக் கந்தோரில் அந்தக் கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கி வந்ததும் அவர்தான். மதகு இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் இந்த முறை கடிதத்துக்கு ஒரு திகதி இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவரின் பெயர் இருக்கிறது, அடுத்த கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் ஒரு நாள் பேர்கூடப் போகவில்லை.